காத்தய்யாவின் பொன்விசிறி

மலைக்கு எதற்குப் போகிறோம்? கரண்ட் இல்லாத இடத்தில் நாலு நாள் நிம்மதியாக இருக்க. போய் இறங்கியதும் முதலில் என்ன செய்கிறோம்? போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவர், மலை மேட்டில் வெள்ளைக் கூடாரம் அடித்து உட்கார்ந்துவிட்டார். அவர்தான் காத்தய்யா.

கூடாரத்துக்கு வெளியே எப்போது பார்த்தாலும் இருநூறு பேர். கையில் போன், போனில் சிவப்புக் கோடு, முகத்தில் பக்தி. உள்ளே இடுப்பு உயரக் கம்பம், அதன் உச்சியில் பொன்வண்ண விசிறி. கூடாரத்தின் நாலு பக்கமும் இழுத்து மூடியிருக்கும். ஊதுபத்திப் புகைகூட நேராக மேலே போகும். ஆனால் விசிறி மட்டும் கிறுகிறுவென்று சுற்றும். கம்பத்திலிருந்து வரும் ஒயரில் போனைச் செருகினால் சார்ஜ் ஏறும்.

"வெளியில அடிக்கிறது சாதாரணக் காத்து. உள்ள வர்றது நான் கூப்பிட்டு வர்ற காத்து" என்பார் காத்தய்யா. கூட்டம் புல்லரித்துப் போகும்.

நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். பிறகு மற்றவர்களைக் கிண்டல் செய்ய உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்காதீர்கள். பதினொரு சதவீதத்தில் இருக்கிற மனிதனுக்கு மானம் ஏது?

சதவீதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்த மேட்டில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "நீங்க எத்தனை?" என்றுதான் கேட்பார்கள். எண்பதுக்கு மேல் இருந்தால் முன்வரிசைப் பாய். ஐம்பது என்றால் நடுவில். இருபதுக்குக் கீழே போனவர்களைக் கழிவறைப் பக்கம் உட்கார வைத்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் தன் கணவனின் போனைப் பார்த்துவிட்டு, "என்கூட இத்தனை மாசம் குடும்பம் நடத்தியும் உங்களுக்கு வெறும் பதினாலா?" என்று கண்ணைக் கசக்கினாள். அவன் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டிருக்கிறான், பாவம். போன் பழசு. ஆனால் சார்ஜ் குறைந்தால் பக்தி குறைந்ததாக அர்த்தம். அதுதான் அங்கே சட்டம்.

இந்தச் சட்டத்துக்கு வரைபடம் போட்டு ஒட்டியவர் யார் தெரியுமா? ரிடையரான கணக்கு வாத்தியார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை "நிரூபி! நிரூபி!" என்று பெஞ்சு மேல் நிற்க வைத்தவர். மலை ஏறியதில் அந்த ஒரு வார்த்தை மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

காத்தய்யா இரண்டே நிபந்தனைகள் வைத்திருந்தார். ஒன்று, கையில் இருக்கும் பவர்பேங்கை அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். "அது பெட்டியில அடைபட்ட சக்தி. அது பையில இருந்தா காத்து பக்கத்துல வராது." ஒப்படைத்த பவர்பேங்குகளை அவருடைய மச்சான் கூடை கூடையாக அள்ளிப் பின்னால் நிற்கும் வேனுக்குள் கொண்டுபோவார். இரண்டாவது, சந்தேகப்படக் கூடாது.

ஒப்படைத்தவர்களுக்கு, தக்க காணிக்கை வாங்கிக்கொண்டு, சின்னதாக ஒரு பொன்விசிறி தருவார். கைப்பிடி உருண்டையாக, கனமாக இருக்கும். எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். இரண்டாம் நாள் அது நின்றுவிடும். கொண்டுவந்து காட்டினால் மச்சான் உதட்டைப் பிதுக்குவார். "நம்பிக்கை தீர்ந்துபோச்சு பாருங்க." வேனுக்குள் எடுத்துப் போய்க் கொஞ்ச நேரத்தில் வேறொன்று தருவார். அது சுற்றும். அதற்குத் தனிக் காணிக்கை. வாரம் இரண்டு முறை காத்தய்யா மௌன விரதம் இருக்க அந்த வேனை ஓட்டிக்கொண்டு கீழே ஊருக்குள் போய் வருவார். பேசாமல் இருக்க வேன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சதவீதம் இறங்கிவிடுமே!

இப்படி ஓகோ என்று போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட ஒரு நாள் காலை முதல் பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். கையில் தகர டூல்பாக்ஸ். கீழே ஊரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவள். மிக்ஸி, ஃபேன், தண்ணி மோட்டார், எது புகைந்தாலும் அவளிடம்தான் போகும். வைண்டிங் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அவள் வந்தது காத்தய்யாவைப் பார்க்க அல்ல. தம்பியைப் பார்க்க. அவன் மலையேறுகிறவர்களைக் கூட்டிப் போகும் வழிகாட்டி. அன்று பத்து மணிக்கு ஒன்பது பேரோடு முகட்டைத் தாண்டி நாலு நாள் பயணம் கிளம்புகிறான். அங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. ஒரே துணை அவன் இடுப்பில் தொங்கும் வாக்கிடாக்கிதான். போன வருஷம் அந்த முகட்டில் ஒரு அம்மா வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்து கிடந்தபோது, வாக்கிடாக்கியில் மிச்சமிருந்த ஒரே ஒரு கோடு சார்ஜில்தான் மீட்புக் குழுவைக் கூப்பிட்டான். அந்த ஒரு கோடு இல்லாவிட்டால் அந்த அம்மா இன்று இல்லை.

அப்படிப்பட்டவன் முந்தின நாள் அக்காவுக்குப் போன் போட்டு, "அக்கா, நீ குடுத்த பவர்பேங்கை ஒப்படைச்சிட்டேன், இனிமே எல்லாம் காத்துதான்" என்று சொல்லியிருக்கிறான். அக்கா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. பயந்துபோயிருந்தாள்.

"நான் செஞ்சு குடுத்த காத்தாடி எங்கடா?" என்றாள் வந்ததும் வராததுமாக.

அது பழைய பிரின்டரிலிருந்து கழற்றிய மோட்டாரில் பிளாஸ்டிக் குழாயை வெட்டி இறக்கை பொருத்திய காத்தாடி. நல்ல காற்றில் வைத்தால் வாக்கிடாக்கிக்கு அரை நாளில் சார்ஜ் ஏற்றும். காற்று நின்றால் அதுவும் நின்றுவிடும்.

"அதுவா? பையோட அடியில கிடக்கு. நாலு மணி நேரம் வெச்சா நாலு கோடு ஏறுது. இங்க பாரு, இது பத்தே நிமிஷத்துல!" தம்பி தன் பொன்விசிறியை நீட்டினான்.

அக்கா அதை வாங்கவில்லை. உற்றுப் பார்த்தாள். "இது இப்ப ஏன்டா சுத்துது?"

"ஏன்னா? காத்துதான்."

"என் முந்தானை அசையுதா?"

தம்பி பார்த்தான். கூடாரத்தின் மறைவில் அது அசையவில்லை.

"எங்க வீட்டு ஃபேன் சுத்தினா கரண்ட் பில் வருது. உங்க சாமி ஃபேன் சுத்தினா கரண்டே வருதா? காத்து இல்லாம ஒரு ஃபேன் சுத்துதுன்னா அது கரண்டைக் குடுக்கலடா, தின்னுது."

அக்கம் பக்கத்தில் இருந்தவர்கள் சட்டென்று தங்கள் போன்களை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். இவள் பேச்சைக் கேட்டுச் சார்ஜ் இறங்கிவிட்டால்? வாத்தியார் எழுந்தே விட்டார். "யாரும்மா நீ? உன் சதவீதம் எத்தனை?"

"போனை வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன் சார்."

கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. பூஜ்யம்! கழிவறைப் பக்கம்கூட இவளுக்கு இடமில்லை.

சத்தம் கேட்டுக் காத்தய்யா வெளியே வந்தார். தங்கநிற அங்கி, முகத்தில் புன்சிரிப்பு. அவருக்குச் சந்தேகப்படுகிறவர்களை ரொம்பப் பிடிக்கும். இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டுக் காணிக்கை போட்டுப் போவார்கள். நல்ல வரும்படி.

"சோதிச்சுப் பாரும்மா. காத்துக்கு வெக்கம் கிடையாது" என்றார்.

அக்கா தம்பியின் விசிறியில் ஒரு போனைச் செருகச் சொன்னாள். வாத்தியாரின் போன்தான் கிடைத்தது. தொண்ணூற்றாறு. பிறகு விசிறியின் நடு மரையைச் சுழற்றி இறக்கைகளை மொத்தமாகக் கழற்றிப் புல்லில் வைத்தாள். வெறும் மொட்டைக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் போனைப் பார்த்தார்கள். தொண்ணூற்றாறு தொண்ணூற்றேழு ஆனது.

"பார்த்தீங்களா?" என்றாள் அக்கா. "இறக்கையே இல்ல. சார்ஜ் ஏறுது. அப்ப இதுக்கும் காத்துக்கும் என்ன சம்பந்தம்?"

எனக்கே பொறி தட்டியது. காத்தய்யாவின் கதை முடிந்தது என்று நினைத்தேன். நம் ஜனங்களைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது!

"ஐயா!" என்று வாத்தியார் காத்தய்யாவின் காலில் விழுந்தார். "இறக்கை இல்லாமலே ஏத்திட்டீங்களே!"

கூட்டம் பொங்கியது. இறக்கை இல்லாத அற்புதம்! காத்தய்யாவுக்கும் அது புதுச் செய்திதான், ஆனாலும் சமாளித்துக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினார். "இறக்கையெல்லாம் ஆரம்ப நிலை பக்தர்களுக்குத்தான்" என்றார். பத்து பேர் அங்கேயே தங்கள் விசிறிகளின் இறக்கைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். மச்சான் "மொட்டை விசிறிக்குக் காணிக்கை தனி" என்று கூவ ஆரம்பித்துவிட்டார்.

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். தம்பி வாட்ச்சைப் பார்த்தான். மணி ஒன்பதரை. ஒன்பது பேர் பைகளை முதுகில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு ஆஸ்துமா என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான். அக்கா அந்தப் பெண்ணையே பார்த்தாள். பிறகு டூல்பாக்ஸிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"இதைத் திறக்கப் போறேன்."

மச்சான் பாய்ந்து வந்தார். "திறக்கக் கூடாது! உள்ள இருக்கிற காத்து வெளிய போயிடும்!"

"போனா போகட்டும். வெளிய நிறைய இருக்கு, புடிச்சு அடைச்சுக்குங்க."

"சாமி பொருளை இவ தொடறதா?" என்று கூட்டத்தில் குரல் வந்தது.

"சாமி பொருள் இல்ல. காசு குடுத்து நான் வாங்கினது" என்றான் தம்பி. அன்று அவன் பேசிய முதல் உருப்படியான பேச்சு அதுதான். கணுக்கால் முறிந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "திற அக்கா."

நாலு திருகாணி. கைப்பிடி இரண்டாகப் பிளந்தது. உள்ளே பொன்வண்ணம் பூசாத ஒரு பொருள், ஒயரோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு பவர்பேங்க். மூலையில் சிவப்பு இன்சுலேஷன் டேப்.

அக்கா அதை விரலால் தடவினாள். அந்த டேப்பை ஒட்டியவள் அவள்தான். தம்பி கீழே போட்டு உடைத்ததைப் போன மாதம் சரிபார்த்துக் கொடுத்தபோது ஒட்டியது.

"டேய்" என்றாள். "இது நீ ஒப்படைச்சதுடா."

அவள் அதை உருவி வாத்தியார் கையில் கொடுத்தாள். இறக்கையைத் திரும்ப மாட்டினாள். நேரே மேட்டின் விளிம்புக்குப் போய், முந்தானை படபடக்கிற காற்றில் விசிறியைத் தூக்கிப் பிடித்தாள். "இப்ப காத்து இருக்கு. இறக்கை இருக்கு. சாமியும் பக்கத்துலயே இருக்கார். இந்தப் பெட்டி மட்டும்தான் இல்ல. செருகுங்க சார்."

வாத்தியார் செருகினார். ஒன்றும் ஏறவில்லை. தட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக் கும்பிட்டுப் பார்த்தார். காத்தய்யாவைப் பார்த்தார். காத்தய்யா வானத்தைப் பார்த்தார்.

"ஐயா, கூப்பிடுங்களேன் காத்தை" என்றார் வாத்தியார் பரிதாபமாக.

"அதான் அடிக்குதே சார்!" என்று கழிவறைப் பக்கமிருந்து அந்தப் பதினாலு சதவீத மாப்பிள்ளை கத்தினான்.

அவ்வளவுதான். மேடு முழுக்கத் திருகாணி கழலும் சத்தம். யாரோ விசிறியைக் கல்லில் உடைத்தார். "இது என் மருமகனோடது!" "இதுல என் ஸ்டிக்கர் இருக்கு!" "என்னுது யார்கிட்ட இருக்கு?" வாத்தியாருடைய பவர்பேங்க் புதுப்பெண்ணின் விசிறிக்குள் இருந்தது. அதில் அவரே அழகான கையெழுத்தில் பெயர் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார். பெரிய கூடாரத்துக் கம்பத்தைச் சாய்த்தபோது அடியில் பதினேழு பவர்பேங்குகள் சமர்த்தாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவரவர் கொடுத்ததைக் கீழே ஊரில் சார்ஜ் ஏற்றி வந்து அவரவருக்கே அருளாக விற்றிருக்கிறார் மனிதர்.

இந்த அமளியில் வேன் கிளம்பிய சத்தம் கேட்டது. காத்தய்யா மௌன விரதத்துக்குப் போகிறார். இந்த முறை உண்மையாகவே ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா சிவப்பு டேப் ஒட்டிய பவர்பேங்கை வாத்தியாரிடமிருந்து வாங்கித் தம்பியின் பையில் திணித்தாள். அடியில் கிடந்த தன் காத்தாடியை எடுத்துப் பையின் மேல் கம்பியால் கட்டினாள். விளிம்புக் காற்று பட்டதும் அது கடகடவென்று அவலட்சணமாகச் சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது.

"இது மெதுவாத்தான் ஏறும். காத்து நின்னா நின்னுடும். அப்ப சாமி கோவிச்சுக்கிச்சுன்னு நினைக்காத, காத்து நின்னுடுச்சுன்னு நினை" என்றாள்.

தம்பி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாக்கிடாக்கியைச் செருகினான். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. "ரெண்டாம் நாளே செத்திருக்கும் அக்கா அந்த விசிறி. முகட்டு மேல." கண் கலங்கியிருந்தது. பிறகு ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

சாயங்காலத்துக்குள் மேடு காலியாகிவிட்டது. வாத்தியார் மட்டும் தன் பவர்பேங்கைத் துடைத்துப் பையில் வைத்தபடி என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னார்: "ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அவர் கை பட்டதிலேர்ந்து இது முன்னைவிட வேகமா ஏத்துது."

ஒப்படைத்த பவர்பேங்கை எல்லோரும் அடித்துப் பிடித்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்கும் முன்னால் ஒப்படைத்த புத்தியை ஒருவரும் கேட்கவில்லை. அது இன்னும் அந்த மேட்டில்தான் கிடக்கிறது. போய் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் வரிசை கிடையாது.