இரண்டாவது மோதிரம் தொடர்பாக

செஞ்சியில் பெயர்ப் பலகைப் பராமரிப்புத் துறை என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. சுவரில் எழுதக் கூடாது என்று சுவரில் எழுதுவது அதன் தலையாய கடமை. முப்பது வருடமாக அந்தக் கடமையைச் செவ்வனே ஆற்றி வருவதால், ஊரில் எழுதாத சுவர் என்று ஒன்று பாக்கியில்லை. மேற்படி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கும் வெண்மதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அது குற்றமில்லை. நிச்சயத்தன்று மாப்பிள்ளை இளவழகன் அவள் விரலில் ஒரு மோதிரம் போட்டான். அதுவும் முறைப்படி அலுவலகத்தில் பதிவாகிவிட்டது. ஆனால் இரண்டாவதாக இன்னொரு மோதிரம் வாங்கக் கிளம்பினாள் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

நம்ம பக்கத்தில் கல்யாணம் என்றால் தாலி. மோதிரத்தை யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் நிச்சயத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, இரண்டும் ஒரே விரலில் ஒட்டி உட்கார வேண்டும். ஒட்டாவிட்டால் போட்டோவில் தெரியும். போட்டோவில் தெரிந்தால் சொந்தக்காரர்கள் ஜூம் பண்ணிப் பார்ப்பார்கள். அதைவிட ஒரு மனுஷிக்கு வேறென்ன கேடு வேண்டும்?

பஜார் நகைக்கடையில் குரு என்று ஒரு விற்பனையாளர். கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. வெண்மதியின் விரலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே பார்த்த டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், உங்குளுது ராஜகிரி மாடல். கல்லு ஒசரமா நிக்குது. பக்கத்துல சாதா மோதிரம் போட்டா நடுவுல ஒரு நெல்லு நுழையிற கேப்பு விழும்."

"விழுந்தா இன்னா?"

"கேப்பு மோதிரத்தோட நிக்காது மேடம், குடும்பத்துக்குள்ள வரும். போன வைகாசில அனந்தபுரத்துப் பொண்ணு ஒண்ணு கேப்போட வாங்கிட்டுப் போச்சு. ரெண்டே மாசம். அம்மா வூட்டுக்கு வந்துடுச்சு."

"அது ஆடி மாசம் சார். ஆடிக்குப் புதுப்பொண்ணு எல்லாமே அம்மா வூட்டுக்குத்தான் வரும்."

"அதைத்தான் மேடம் நானும் சொல்றேன்" என்றார் குரு, கொஞ்சமும் அசராமல்.

அப்புறம் ஓர் அட்டையை நீட்டினார். மோதிரத்துக்கு மோதிரம் பார்க்க வேண்டிய பத்துப் பொருத்தங்கள் அதில் அச்சடித்திருந்தன. நிறப் பொருத்தம், தடிமன் பொருத்தம், உயரப் பொருத்தம் என்று ஆரம்பித்து, தூரத்திலிருந்து பார்த்தால் பொருத்தம் வரைக்கும் இருந்தது. வெண்மதியின் நைனா கலியபெருமாள் ஜாதகம் என்று எவனாவது வாயைத் திறந்தால் தெருமுனை வரை துரத்துகிறவர். 'மனசு பொருந்தினா போதும், மத்ததெல்லாம் ஏமாத்து வேலை' என்று மைக் பிடித்துப் பேசுகிறவர். அவர் அந்த அட்டையை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "எட்டுதான் தேறுது குரு. வேற காட்டு" என்றார்.

மூன்றாம் நாள் பத்துக்குப் பத்தும் தேறியது. அதன் பெயர் மதில் மாடல். ராஜகிரிக் கல்லைச் சுற்றி வளைந்து போகிற மாதிரி நடுவில் ஒரு நெளிவு. வெண்மதி போட்டுப் பார்த்தாள். அப்படியே ஒட்டிக்கொண்டது. அதுவரை கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, 'ஐயோ, என்னா அழகு!' என்று மனசு அடித்துக்கொண்டது. பொய் சொல்வானேன், அந்த மோதிரத்தின்மேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்தத் துறையில் ஊழியர் நகை வாங்குமுன் அனுமதி பெற வேண்டும் என்று ஒரு விதி. வெண்மதி மோதிரத்துக்கு ஒரு மனுவும், கல்யாணத்துக்கு ஐந்து நாள் லீவு கேட்டு ஒரு மனுவும் எழுதி, கண்காணிப்பாளர் ரங்கநாதனிடம் கொடுத்தாள். ரங்கநாதன் விதி தெரிந்தவர். விதியைத் தவிர வேறொன்றும் தெரியாதவர். இரண்டு மனுவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே கோப்பாகக் கட்டினார்.

"ஏன் சார் ஒண்ணா கட்டுறீங்க?"

"ரெண்டுலயும் கல்யாணம்னு வருதும்மா. மோதிரம் முடிவானாதான் லீவு முடிவாகும்." மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "ஏற்கெனவே ஒரு மோதிரம் இருக்குது. இது எதுக்கு?"

"அதுக்கு இது ஜோடி சார்."

"ஜோடின்னா ரெண்டும் சேந்து ஒரே பொருள். இடது கால் செருப்புக்குத் தனியா, வலது கால் செருப்புக்குத் தனியாவா அனுமதி குடுப்பாங்க? ஒரு பொருளுக்கு ஒருவாட்டிதான். அதை நீங்க வாங்கியாச்சு."

"அப்ப ஜோடி இல்ல சார். இது தனி."

"தனின்னா தேவையில்லாத பொருளாச்சே. தேவையில்லாத பொருளுக்கு அனுமதி கிடையாது."

"ஜோடின்னாலும் இல்ல, தனின்னாலும் இல்ல. நான் இன்னாதான் சார் எழுதுறது?"

"அதை நீங்கதாம்மா முடிவு பண்ணணும். நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறது இல்ல" என்று அன்பாகச் சொன்னார் ரங்கநாதன்.

வெண்மதி தன் மேஜைக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அலுவலக உதவியாளர் பச்சமுத்து டீயை வைத்துவிட்டு, "இன்னா அநியாயம்மா இது! கல்யாணப் பொண்ணை இப்படி அலைய வுடுறாங்களே, உருப்படுவாங்களா?" என்று அவளுக்காக வயிறெரிந்தார். அந்த அலுவலகத்தில் மனுஷன் என்று இருந்தது அவர் ஒருத்தர்தான்.

சாயங்காலம் இளவழகனுக்குப் போன் போட்டாள். அவன் அனந்தபுரத்தில் போர் மோட்டார் மெக்கானிக்.

"மோதிரமே வேணாங்க. டென்ஷனா இருக்குது."

"அடிப்பாவி! ஜோடி மோதிரம்னு ஸ்டேட்டஸ் வச்சிட்டனே! இப்ப இல்லன்னா பசங்க முன்னாடி அசிங்கம்."

"மோதிரம் இல்லன்னா அசிங்கம். பொண்ணு இல்லன்னா?"

"பொண்ணு ஏன் இல்லாம போவுது?"

"லீவு இல்லன்னா பொண்ணு எங்கேருந்து வரும்?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. "கேப்புதான பிரச்சனை? சாதா மோதிரத்தையே போட்டு நடுவுல நான் ஒரு வாஷர் கடைஞ்சு குடுக்கட்டுமா?" என்றான் இளவழகன். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது.

ஒரு வாரம் கழித்துக் கோப்பு நகர்ந்தது. ஜோடியா, தனியா என்பதை நேரில் கண்டறிய ரங்கநாதன் தலைமையில் கள ஆய்வு. துறை ஜீப்பில் கடைக்கு வந்து இறங்கினார். கையில் பலகை அளக்கிற டேப்பு. வெண்மதி இரண்டு மோதிரத்தையும் போட்டுக்கொண்டு விரலை நீட்டினாள். கடைக்கு வந்தவர்களெல்லாம் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இடைவெளி பூஜ்ஜியம் அடி" என்று அறிவித்தார் ரங்கநாதன்.

"கேப்பே இல்லாத கடை சார் இது! அந்த ரிப்போர்ட்டுல ஒரு காப்பி குடுங்க, பிரேம் போட்டு மாட்டிக்கிறோம்" என்று துள்ளினார் குரு. பதிலுக்குப் பொருத்த அட்டையைக் கொடுத்தார். ரங்கநாதன் அதைப் பயபக்தியோடு வாங்கிப் படித்து, இப்படியொரு நல்ல படிவத்தைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்றார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பத்துக்குப் பத்து அவர்களுக்குத்தான் பொருந்தியது.

வியாழக்கிழமை முகூர்த்தம். புதன்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஆணை வந்தது.

'மோதிரங்கள் இரண்டும் இடைவெளியின்றி இணைந்திருப்பது ஆய்வில் கண்டறியப்பட்டது. எனவே அவை ஒரே பொருள். நிச்சய மோதிரத்துக்கு வழங்கிய அனுமதியே திருமண மோதிரத்துக்கும் பொருந்தும்.'

வெண்மதிக்கு உயிர் வந்தது. அடுத்த பத்தியைப் படித்ததும் போய்விட்டது.

'மேலும், இரண்டும் ஒரே பொருளாதலால், திருமண மோதிரமும் நிச்சய நாள் முதலே மனுதாரரின் விரலில் இருந்ததாகக் கருதப்படுகிறது. ஆகவே மனுதாரரின் திருமணம் அன்றே நடந்து முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. நடந்து முடிந்த திருமணத்துக்கு விடுப்பு வழங்க விதிகளில் இடமில்லை.'

"சார், நாளைக்குத்தான் சார் எனக்குக் கல்யாணம்!" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ரொம்ப சந்தோசம்மா, நல்லா இருங்க. ஆனா ஆபீசைப் பொறுத்தவரைக்கும் உங்குளுக்கு ஆயிடுச்சு. வேணும்னா காலைல ரெண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுக்குங்க. பன்னண்டு மணிக்குள்ள கைரேகை வச்சிடுங்க, போதும்."

கல்யாணம் பத்தே காலுக்கு நடந்தது. போட்டோக்காரர், "தாலியைக் கொஞ்சம் ஒதுக்குங்க, மோதிரம் மறையுது" என்று நாலு தடவை சொன்னார். கலியபெருமாளே வந்து ஒதுக்கிவிட்டார். சாப்பாட்டுப் பந்திக்குக்கூட நிற்காமல் இளவழகன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட, வெண்மதி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாலையும் கழுத்துமாக ஓடி வந்தாள். மருதாணி விரலைக் கருவி மூன்று தடவை ஏற்கவில்லை. நாலாவது தடவைதான் போனால் போகிறதென்று ஏற்றது.

மாலையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். பச்சமுத்து ஒரு டம்ளர் தண்ணீரையும் ஒரு காகிதத்தையும் கொண்டுவந்து வைத்தார்.

"பையனுக்குத் திங்கக்கிழமை நிச்சயம்மா. பொண்ணு வூடு பனமலை. ரெண்டு நாள் லீவு கேட்டிருக்கேன். லீவு பாக்குற வேலை உங்ககிட்டதான இருக்குது, கொஞ்சம் சட்டுனு எழுதி மேல அனுப்பிடும்மா."

"இதோ எழுதிடறேண்ணே." சந்தோஷமாகத்தான் பேனாவை எடுத்தாள். பாதி வரியில் நிறுத்தினாள்.

"நிச்சயம்னா மோதிரம் உண்டாண்ணே?"

"உண்டும்மா. பையன் ஒத்தைக் கால்ல நிக்கிறானே."

"ஒண்ணா, ஜோடியா?"

"அது எதுக்கும்மா இப்ப?"

"நானா கேக்கலண்ணே. முன்மாதிரி ஒண்ணு இருக்குது." எழுதிய அரை வரியை அடித்துவிட்டு, காகிதத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். "அதைத் தெளிவா எழுதிட்டு, செவ்வாக்கிழமை வாங்க."

பச்சமுத்து அவளை ஆறு வருஷமாக அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். காகிதத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றார்.