மூன்றாம் வகுப்பு, முதல் பெஞ்சு

சாத்தூர்
15.7.2006, சனிக்கிழமை

எனக்குத் தாய்க்கு அடுத்தபடியாகவும், பயத்தில் தாய்க்கு ஒரு படி மேலேயும் இருக்கிற கோவில்பட்டி அக்கா செல்லக்கனி அவர்களுக்கு, தம்பி வெள்ளைத்துரை கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் மாரித்தாயும் எழிலும் சுகமாக இருக்கிறோம். அங்கே அத்தானுடைய மூட்டு வலி குறைந்து, நீங்கள் புதிதாகப் பிடித்த பால்மாடு உதைக்காமல் கறக்கிறது என்று நம்புகிறேன்.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினேனே அக்கா. நான் “அக்கா” என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். எங்கள் எழிலை டாக்டரிடம் காட்டிய விஷயம் யார் மூலமோ அதற்குள் உங்கள் காதுக்கு வந்திருந்தது, மிச்சம் நாலு நிமிஷமும் நீங்கள்தான் பேசினீர்கள். “ஏலே தொரை, அது கொழுப்புலே, சீக்கு இல்ல. சத்துணவுல இருபத்துநாலு வருசம் எம்புட்டுப் பிள்ளைகளைப் பாத்தவ நானு. அடுத்த வாரம் வியாழக்கிழமை வாரேன், பிள்ளைய எங்கூட அனுப்பு, ஒரு மாசத்துல கம்பி மாதிரி ஆக்கிக் குடுக்கேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். ஆகவே தபாலில் சொல்கிறேன், தபாலை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது: தயவுசெய்து வியாழக்கிழமை வர வேண்டாம். ஏன் என்பதை முதலில் இருந்து சொல்கிறேன், கோபப்படாமல் வாசியுங்கள்.

எழிலுக்கு எட்டு வயது முடிந்து மூன்றாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்தில் இருந்தே பள்ளிக்கூடத்தில் இருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது. கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிறாள், அதுவும் வேறு கேள்விக்கு. எழுதிக்கொண்டு இருக்கும்போதே எழுந்து போய் ஜன்னலில் ஓணானைப் பார்க்கிறாள். பென்சில், ரப்பர், சாப்பாட்டுத் தட்டு என்று ஒரு நாளைக்கு ஒன்றாவது தொலைகிறது, ஒரு நாள் ஒரு செருப்பு மட்டும் தொலைந்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஜூன் கடைசியில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போனவள், வேப்பமரத்தில் மணியாகத் தொங்குகிற தண்டவாளத் துண்டைப் பார்த்திருக்கிறாள். அடித்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியிருக்கிறது, அடித்துவிட்டாள். அடித்ததும் நன்றாக இருந்ததால் நிறுத்தாமல் அடித்திருக்கிறாள். அது லாங் பெல்லு என்று நினைத்து ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். இரண்டு டீச்சர்மார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டார்கள். கடைசியில் பள்ளிக்கூடத்தில் மிச்சம் இருந்தது தலைமை ஆசிரியை பொன்னுத்தங்கம் டீச்சரும் எழிலும் மட்டும்தான். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, “டி.சி. எழுதி வச்சிருக்கேன், கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளை அடித்தேன் அக்கா. உங்களிடம் மறைக்கவில்லை. ஸ்கேல் உடைகிற அளவுக்கு அடித்தேன். அவள் அழுதுகொண்டே “இனிமே அடிக்க மாட்டேம்ப்பா” என்றாள், மணியைத்தான் சொல்கிறாள். அழுது முடிப்பதற்குள் வாசலில் ஐஸ் வண்டி போனது, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்க ஓடிவிட்டாள். அப்போதுதான் என்னையே கேட்டுக்கொண்டேன், அடியையே ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளையை எதற்காக அடித்தேன் என்று. மாரித்தாய் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் பேசினாள். “எனக்கு ஒம்பது வயசுல பள்ளிக்கூடம் போதும்னு தீப்பெட்டி ஒட்ட உக்கார வச்சாக. எம்பிள்ளையையும் அங்கன உக்கார வைக்கணும்னா அந்த டி.சி.ய வாங்கிட்டு வாங்க” என்றாள். நான் வாங்கப் போகவில்லை.

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற இடத்தில் அவளோடு வேலை பார்க்கிற ஒருத்தி சொன்னாள் என்று மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். ஊசி போடுவார், டானிக் எழுதுவார் என்று நினைத்தால், எங்களுக்கு ஒரு தாள், டீச்சருக்கு ஒரு தாள் என்று கேள்வித்தாள் கொடுத்து, நிரப்பி வாங்கி, இன்னொரு நாள் வரச் சொல்லி, ஒரு மணி நேரம் எழிலோடு பேசினார். அந்த ஒரு மணி நேரத்தில் இவள் சுழல்நாற்காலியில் எத்தனை சுற்றுச் சுற்றினாள் என்று எண்ணி நானே கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: “இது திமிரும் இல்லை, நீங்க வளர்த்த குத்தமும் இல்லை. மூளை கவனத்தைப் பிடிச்சு வைக்கிற விதத்துல ஒரு வித்தியாசம். ஏ.டி.எச்.டி.ன்னு பேர். அடிச்சா போகாது. பள்ளிக்கூடமும் நீங்களும் சேர்ந்து சில மாத்தம் செஞ்சா நல்லா படிப்பா. மருந்து தேவையான்னு மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்.” முன் பெஞ்சில் உட்கார வைப்பது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்வது, நடுநடுவே எழுந்து நடக்க விடுவது என்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்.

கம்பெனியில் இந்தப் பெயரைச் சொன்னதுதான் தப்பாகப் போனது. அச்சங்குளத்தில் பன்னிரண்டு வருஷமாகப் போர்மேனாக இருக்கிற நான், டீக்குடிக்கிற நேரத்தில் கணக்கப்பிள்ளையிடம் மட்டும், மெதுவாகத்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் முதலாளி ரத்தினசாமி அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பிவிட்டார். “ஏ.டி.எச்.டி.ன்னு ஏதோ புது ஐட்டமாம்ல? எந்தக் கம்பெனிக்காரன் போட்டிருக்கான்? எத்தனை ஷாட்டு?” என்று கேட்டார். “அண்ணாச்சி, அது எம்மக” என்றேன். “அப்ப சீசனுக்கு வராதா?” என்றார்.

டாக்டர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானும் மாரித்தாயும் பொன்னுத்தங்கம் டீச்சரைப் பார்க்கப் போனோம். கம்பெனியில் நான் ஒரு சத்தம் போட்டால் நாற்பது பேர் நிற்பார்கள். டீச்சர் மேஜைக்கு முன்னாலோ, வீட்டில் கண்ணாடி முன்னால் நாலு தரம் பேசிப் பார்த்தது எல்லாம் போய், “வணக்கம் டீச்சர்” என்று மூன்று தடவை சொன்னேன். டீச்சரையும் குறை சொல்ல முடியாது. “ஒரு வகுப்புல அறுபத்திரண்டு பிள்ளைக. ஒரு டீச்சர். இவளுக்கு மட்டும் தனியா எப்படிங்க பாக்கது?” என்றார். அப்போது மாரித்தாய் பேசினாள் பாருங்கள். “டீச்சர், எங்க கம்பெனியில ஒரு மருந்து சட்டுனு சூடாகும்னா, அந்த மருந்தப் போட்டு அடிக்க மாட்டோம். தூக்கி வெளிய எறியவும் மாட்டோம். எங்கன வைக்கணுமோ அங்கன வச்சு, எம்புட்டு எடுக்கணுமோ அம்புட்டு எடுப்போம். எம்பிள்ளைக்கும் அதைத்தான் கேக்கேன்.” டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களைக் கிளப்பினால் போதும் என்றுதான் சொன்னாரோ என்னவோ, “அம்புட்டு அக்கறைன்னா நீங்களே வந்து ஒரு வாரம் அவ பக்கத்துல உக்காந்து பாருங்க, தெரியும்” என்றார். நான் உடனே, “திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வந்துருதேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. லீவு கேட்கப் போனால் அண்ணாச்சி காரணம் கேட்டார். “மூணாம் வகுப்புக்குப் போகணும் அண்ணாச்சி” என்றேன். உடனே ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அக்கா, நாற்பத்து மூன்று வயதில் மூன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்காருவதைப் பற்றி ஒரு வார்த்தை. முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். வகுப்பு டீச்சர் செல்வலட்சுமிக்கு வயது இருபத்து நான்கு இருக்கும், என்னைப் பார்த்ததும் பாவம், கரும்பலகைப் பக்கம் திரும்பியவர் முதல் பீரியடு முடிகிற வரை திரும்பவே இல்லை. எனக்கு இந்தப் பக்கம் எழில், அந்தப் பக்கம் பிரீத்திகா என்று ஒரு பிள்ளை. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து, “டீச்சர், எழில் அப்பா பேசுதாரு”, “டீச்சர், எழில் அப்பா என்னையப் பாத்து எழுதுதாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எழுதவில்லை அக்கா, சும்மா பார்த்தேன். பதினொரு மணிக்கு எனக்கு முதுகு அரித்தது. பதினொன்றரைக்குத் தூங்கினேன். எழுப்பி, ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார்கள். ஏழெட்டு ஐம்பத்து நாலு என்றேன், அறுபத்திரண்டு பிள்ளைகளும் சிரித்தார்கள்.

மதியத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. எழில் என் காதில் மெதுவாகச் சொன்னாள்: “அப்பா, காலை ஆட்டிக்கிட்டே இரு. அப்பத்தான் டீச்சர் சொல்லது காதுல விழும்.” நானும் ஆட்டினேன். அக்கா, நிஜமாகவே விழுந்தது. இத்தனை நாளும் “காலை ஆட்டாத, காலை ஆட்டாத” என்று நான் அந்தப் பிள்ளையின் காதை அல்லவா அடைத்து வைத்திருக்கிறேன்? அதற்கு அப்புறம் வாய்ப்பாடு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை, குனிந்துகொண்டே இருந்தேன். பிரீத்திகா அதையும் டீச்சரிடம் சொன்னது.

மறுநாள் ஒரு பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கொண்டுபோய், பெஞ்சின் முன்கால் இரண்டுக்கும் குறுக்கே இழுத்துக் கட்டினேன். சத்தம் வராமல் எவ்வளவு வேண்டுமானாலும் உதைக்கலாம். எழில் உதைத்துக்கொண்டே ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். புதன்கிழமை செல்வலட்சுமி டீச்சரிடம் டாக்டர் கடிதத்தைக் காட்டிக் கெஞ்சியதில், பீரியடுக்கு ஒரு தரம் ஆபீஸ் ரூமுக்குப் போய்ச் சாக்பீஸ் எடுத்து வருகிற வேலையை எழிலுக்குக் கொடுத்தார். ஒரு தடவை சாக்பீசுக்குப் போனவள் கோழிக்குஞ்சோடு வந்தாள் என்பது உண்மைதான். ஆனால் வந்தாள். பத்துக் கணக்கை மொத்தமாகக் கொடுக்காமல் ஐந்து ஐந்தாகக் கொடுத்தார்கள். வியாழக்கிழமைப் பரீட்சையில் எழில் பத்துக்கு ஒன்பது. நான் ஆறு. வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் டியூப் கேட்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள், நான் சைக்கிள் கடைக்குப் போய்ப் பஞ்சரான டியூப்பாக ஒரு சாக்கு வாங்கி வந்தேன். அன்று சாயங்காலம் பொன்னுத்தங்கம் டீச்சர் வகுப்பின் பின்னால் நின்று அரை மணி நேரம் பார்த்தார். போகும்போது டி.சி.யை என் கண்ணுக்கு முன்னால் நாலாகக் கிழித்தார். முன் பெஞ்சு, சாக்பீஸ் வேலை, டியூப் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுத்தார். மாரித்தாய் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்.

இதனால் எழில் மாறிவிட்டாள் என்று சொல்லவில்லை. நேற்று பையைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு, பிரீத்திகா பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் அப்படித்தான் இருப்பாள், நாங்கள் கூடவே இருந்து பார்த்துக்கொள்வோம். ஆகவே அக்கா, உங்கள் பேச்சை இதுவரை ஒரு தரமும் தட்டாதவன் முதல் தடவையாகச் சொல்கிறேன். அவளைக் கோவில்பட்டிக்கு அனுப்ப மாட்டேன். கொழுப்பு என்று அவள் காதுபட நீங்கள் சொல்லக் கூடாது. நான் ஒரு நாள் அடித்ததே இந்த ஜென்மத்துக்குப் போதும், இன்னொரு கை அவள் மேல் படவிட மாட்டேன். நீங்கள் வருவதாக இருந்தால் ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு வாருங்கள், எல்லாரும் சேர்ந்து சாமி கும்பிடுவோம். இப்போது வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

அத்தான் காலையும் உங்கள் காலையும் தொட்டுக் கும்பிட்டோம் என்று வைத்துக்கொண்டு, எங்கள் மூன்று பேருக்கும் அங்கிருந்தே திருநீறு பூசிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேட்கும் தம்பி
வெள்ளைத்துரை

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகும்போது வாசலில் இரண்டு பொம்பளையாட்கள் வந்து நின்றார்கள். இரண்டாம் வகுப்பில் ஒன்று, நாலாம் வகுப்பில் ஒன்று, இதே மாதிரிப் பிள்ளைகளாம். டாக்டரம்மா விலாசம் எழுதிக் கொடுத்தேன். அதோடு விடாமல், “அண்ணாச்சி, சீசன் நேரம், எங்களுக்கு லீவு கிடையாது. எங்க பிள்ளைக பக்கத்துலயும் ஒரு வாரம் யாராவது உக்காந்தா டீச்சர் சம்மதிப்பாகளாம்” என்று கண்ணீர் விட்டார்கள். நான் யோசிக்காமல் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான், திங்கட்கிழமை வராவிட்டால் வேறு போர்மேன் பார்ப்பேன் என்று ரத்தினசாமி அண்ணாச்சி சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிட்டு, சொன்னபடி வியாழக்கிழமையே வந்துவிடுங்கள் அக்கா, அடுத்த திங்கட்கிழமையில் இருந்து உங்களுக்குப் பள்ளிக்கூடம். இரண்டாம் வகுப்புக்கு ஒரு வாரம், நாலாம் வகுப்புக்கு ஒரு வாரம். பொன்னுத்தங்கம் டீச்சரிடம், எங்கள் அக்கா பிள்ளைகளிடம் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது என்று சொல்லும்படி அந்தப் பொம்பளையாட்களிடமே சொல்லி அனுப்பியிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மட்டும் எப்படியாவது அதைக் காப்பாற்றிக் கொடுங்கள்.