பதினெட்டாம் புத்தகத்தின் பென்சில் வரி

கண்ணாடிக்காரர் புத்தகத்தைத் திறந்த வேகத்திலேயே மூடினார். கோளாறு கண்ணிலோ என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி திறந்தார். கோளாறு கண்ணில் இல்லை. முதல் பக்கத்தில், தலைப்புக்கு நேர் கீழே, பென்சிலால் யாரோ குண்டு குண்டாக எழுதியிருந்தார்கள்: 'சாம்பல் கையுறை = தபால்காரர்.'

"போச்சு! நாப்பது வருஷம் போச்சு!"

அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க போச்சு? கரண்டா?"

"கரண்ட் போனா வரும். இது வருமா?"

விஷயம் இதுதான். பன்னிரண்டு வயதில் அவர் சோறு தண்ணி மறந்து படித்தது 'பிசின் படை' துப்பறியும் கதைகளை. இரட்டைச் சகோதரிகள் இருவரும் அவர்களுடைய சித்தப்பா மகனும் சேர்ந்த படை. பிடித்தால் பிசின் மாதிரி விடமாட்டார்கள். ஆனால் 'சாம்பல் கையுறை' என்ற திருடன் மட்டும் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் கொல்லைப்புறமாக நழுவிவிடுவான். பதினேழு புத்தகங்களில் பதினேழு நழுவல். அவன் யாரென்று பதினெட்டாவதில்தான் தெரியும். அது கடைக்கு வருவதற்குள் கண்ணாடிக்காரருக்கு ஊர் மாறி, பள்ளி மாறி, மீசை முளைத்து, கல்யாணமாகி, கண்ணாடிக்கடையும் வைத்தாகிவிட்டது. திருடன் மட்டும் அகப்படவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய பதினேழும் கிடைத்தன. உட்கார்ந்து முதலிலிருந்து படித்தார். ஐம்பத்திரண்டு வயதில் படித்தால் வேறு விஷயங்கள் கண்ணில் பட்டன. இந்தப் பிள்ளைகள் எந்த நாளும் பள்ளிக்கூடம் போவதில்லை. இரட்டையரில் மூத்தவள் வாய்த் துடுக்குக்கு நாலு அறை கொடுக்கலாம். இன்ஸ்பெக்டரோ, தடயத்தையெல்லாம் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுகிறார்.

"இந்த ஆளை மூணாம் புத்தகத்துலயே சஸ்பெண்ட் பண்ணியிருக்கணும்" என்று மனைவியிடம் சொன்னார்.

"உங்களைக் கடையில வச்சிருக்கிற மாதிரி அவரை ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க, விடுங்க."

குறை சொன்னாலும் குறுகுறுப்பு குறையவில்லை. அந்தக் கையுறைக்குள் இருப்பது யார்? பக்கத்துத் தெரு வாடகை நூலகத்தில் பதினெட்டாவது இருப்பது தெரிந்ததும், கடையை அரை மணி முன்னதாகவே அடைத்துவிட்டு ஓடி எடுத்து வந்தார். வந்து திறந்தால் பென்சில் வரி.

"முடிவு தெரிஞ்சா என்னங்க? நடுவுல இருக்கிறதைப் படிங்களேன்" என்றாள் மனைவி.

"உறையைப் பிரிச்சுக் கடுதாசியைப் படிச்சுட்டு, ஒட்டி என் கையில குடுத்தா நான் வாங்குவேனா?"

படிக்க மறுத்துவிட்டார். ஆனால் எழுதின ஆளை விடுவதாக இல்லை.

புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருந்த சீட்டில், அவருக்கு முன் எடுத்தவர்களின் உறுப்பினர் எண்கள் மூன்று இருந்தன. நூலகத்தம்மா முதலில் மறுத்தார். பிறகு, 'இந்த மனுஷன் போகமாட்டார்' என்று தெரிந்துகொண்டு பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். ஒருவர் சலூன்காரர். ஒருவர் தையல்காரர். மூன்றாவது, கண்ணாடிக்காரரின் சொந்த மச்சினன்.

"என் தம்பியையே சந்தேகப்படுறீங்களா?" என்று மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"துப்பறியிறப்ப மச்சினன், மாமனாரெல்லாம் கிடையாது."

ஏழாம் புத்தகத்தில் மொட்டைக் கடிதம் எழுதியவனைப் பிடிக்க, தெரு முழுவதையும் ஒரே வரியை எழுத வைத்தார்கள் இரட்டையர். அதையே செய்வது என்று முடிவானது. கடை வாசலில் 'இலவசக் கண் பரிசோதனை' என்று பலகை மாட்டினார். வாசிப்பு அட்டை ஒன்றைப் புதிதாக அச்சடித்தார். மேலே பெரிய எழுத்தில், வரவரச் சின்னதாகி, கடைசியில் எறும்பு சைஸில், எட்டு வரியும் ஒரே வரிதான்: 'சாம்பல் கையுறை தபால்காரர்.' வருகிறவர்கள் அதை உரக்க வாசிக்க வேண்டும். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும்.

இலவசம் என்று கேள்விப்பட்டால் நம் ஜனங்களுக்கு இல்லாத பார்வைக் கோளாறும் வந்துவிடும். மூன்று பேருக்கு விரித்த வலையில் அறுபத்து நாலு பேர் விழுந்தார்கள். இரண்டு நாள், காலையிலிருந்து மாலை வரை, தெருவில் போகிறவர்கள் காதில் விழும்படி, குரல் குரலாக அதையே வாசித்தார்கள். காது மந்தமான ஒரு பெரியவர் எட்டு வரியையும் எட்டுத் தடவை கத்தினார்.

"இது என்னண்ணே வரி?" என்று சலூன்காரர் கேட்டார்.

"சும்மா ஒரு சோதனை வரிப்பா. எழுது, எழுது."

அறுபத்து நாலு தாள்களையும் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அத்தனை பேரும் அட்டையைப் பார்த்தே எழுதியதால், அத்தனை கையெழுத்தும் அச்சு மாதிரியே இருந்தது. மச்சினன் மட்டும் 'தபால்காரர்' என்பதற்குப் பதில் 'போஸ்ட்மேன்' என்று எழுதியிருந்தான்.

தெரு அதற்குள் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. அந்தத் தெருவுக்குத் தபால் கொண்டுவருபவர் ஒரு சாது. வண்டி ஓட்டும்போது கையுறை போடுவார். அதுவும் வெயிலில் வெளுத்து, ஏறக்குறைய சாம்பல் நிறம். வருகிற ஒன்றாம் தேதி தையல்காரர் வீட்டுக் கீழ்ப்பகுதிக்குக் குடிவர இருந்தார். இருந்த வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லி, பாத்திரம் பண்டமெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது.

மூன்றாம் நாள் அவரே கடைக்கு வந்தார். முகம் செத்திருந்தது.

"அண்ணே, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"என்னப்பா தபாலு, என்ன ஆச்சு?"

"கதவைத் தட்டினா ஜன்னல் வழியா பேசுறாங்க. கையெழுத்துப் போடப் பேனா குடுத்தா, பேனாவைத் தொடைக்கிறாங்க. 'உன் கையுறை விஷயம் கண்ணாடிக்கடை அட்டையிலேயே அச்சாகிடுச்சாமே'ங்கிறாங்க. தையல்கார அண்ணன் வீடு இப்போதைக்கு இல்லைங்கிறார். ஒண்ணாம் தேதி நான் பொண்டாட்டி புள்ளைங்களோட எங்கண்ணே போவேன்?"

கண்ணாடிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அட, அது கதைப்பா! நான் சரி பண்றேன்."

சரி பண்ணினார். பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, வாசல் கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: 'நம் தபால்காரர் திருடர் இல்லை.'

அதுவரை ஏதோ கையுறை என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த தெரு, அன்று சாயங்காலமே திருட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. நெருப்பில்லாமல் புகையுமா? யாரும் கேட்காமல் ஒருத்தர் எதற்கு 'இல்லை' என்று சொல்கிறார்? ஆறு மாதத்துக்கு முன் காணாமல் போன வாளி ஒன்று எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

"நீங்க தயவுசெஞ்சு எனக்கு உதவி பண்ணாதீங்கண்ணே" என்று தபால்காரர் கும்பிட்டார்.

ஆனால் பிசின் படை பாதியில் விட்டதாக வரலாறு இல்லை. கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து உண்மையைப் போட்டு உடைப்பார்களே, அப்படி ஞாயிற்றுக்கிழமை மாலை கடையில் நாற்காலிகள் போட்டார். சலூன்காரர், தையல்காரர், மச்சினன், தபால்காரர் வந்தார்கள். கூப்பிடாமலே பத்துப் பதினைந்து பேர் வந்து வாசலை அடைத்து நின்றார்கள். கெடு தாண்டிய புத்தகத்தை வாங்கிப்போக நூலகத்தம்மாவும் வந்து, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கண்ணாடிக்காரர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "எல்லாத்துக்கும் காரணம் இதுதான். சாம்பல் கையுறைங்கிறது இதுல வர்ற ஒரு திருடன். யாரோ முதல் பக்கத்துல அவன் தபால்காரர்னு எழுதி வச்சுட்டாங்க. நம்ம தபாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப புத்தகத்துலயும் தபால்காரர்தான் திருடனா?" என்றார் தையல்காரர்.

"ஆமா."

"பாத்தீங்களா! எழுதுறவங்க ஒண்ணும் தெரியாமலா எழுதியிருப்பாங்க?"

தபால்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யோவ், நீதானே இதை எடுத்துப் படிச்சவன்? நீயே சொல்லு!" என்று கண்ணாடிக்காரர் சீறினார்.

"நான் எங்க படிச்சேன்? தையல் மிஷின் ஆடிச்சுன்னு காலுக்கடியில வச்சேன். பருமன் சரியா இருந்துச்சு."

சலூன்காரர் தொண்டையைக் கனைத்தார். "நான் காத்திருக்கிறவங்க புரட்டட்டும்னு எடுத்தேன். எல்லாரும் கண்ணாடியில தங்களைத்தான் பாத்தாங்க."

"நான் முதல் பக்கம் பாத்தேன், அத்தான்" என்றான் மச்சினன். "முடிவுதான் தெரிஞ்சுபோச்சேன்னு திருப்பிக் குடுத்துட்டேன்."

"அப்ப எழுதினது யாரு?"

"நான்தான்" என்றார் நூலகத்தம்மா.

வாசலில் நின்ற தலைகளெல்லாம் ஓரத்து நாற்காலிப் பக்கம் திரும்பின.

"துப்பறியும் கதை எடுக்க வர்றவங்க முக்கால்வாசிப் பேர் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல புரட்டுறாங்க. முடிவு கிடைச்சிடுச்சுன்னு அதைப் புரட்டாம இருக்கட்டும்னு, நானே முன்னாடி ஒரு பொய்யை எழுதி வச்சிடுறது. அதை நம்பிப் படிச்சாங்கன்னா, முடிவுல தூக்கிவாரிப்போடும். முழுசா படிச்சவங்க யாரும் இதுவரைக்கும் சண்டைக்கு வரல. நீங்க ஒருத்தர்தான் படிக்காமலே கூட்டம் போட்டிருக்கீங்க."

கண்ணாடிக்காரரின் முகத்தில் பன்னிரண்டு வயசு வந்து உட்கார்ந்தது. பொய்! அப்படியானால் முடிவு இன்னும் அவருக்காக அப்படியே இருக்கிறது! புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அம்மா, யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க! நான் இன்னிக்கே உக்காந்து படிச்சிடுறேன்!"

"அதெல்லாம் முடியாது" என்றார் தையல்காரர். "இவங்க ஏதோ சமாளிக்கிறாங்க. தபால்காரர் இல்லைன்னா வேற யாரு? இந்த அம்மா வாயால இப்பவே சொல்லட்டும். சொன்னா, ஒண்ணாம் தேதி சாவி கையில. இல்லைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். ரெண்டு பேர் கேட்டுட்டுப் போயிருக்காங்க."

தபால்காரர் கண்ணாடிக்காரரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

கண்ணாடிக்காரர் புத்தகத்தைப் பார்த்தார். நாற்பது வருஷம். ஒரே ஒரு சாயங்காலம் இருந்தால் போதும். காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று ஒரு கணம் கை தூக்கினார். பின்னால் நின்றிருந்த மனைவி கனைத்தாள். கை இறங்கியது. இவ்வளவு பெரிய கூட்டத்தில், தான் கிளப்பிய புரளிக்குத் தானே முடிவைக் கேட்காமல் ஓடினால் அது பிசின் படைக்கு அழகா?

"சொல்லிடுங்கம்மா" என்றார். "எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. பதினெட்டுப் புத்தகத்துலயும் ஊரை ஆட்டிவச்ச அந்தத் திருட்டுப் பய யாரு?"

நூலகத்தம்மா அவர் கையிலிருந்த புத்தகத்தை மெல்ல வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கண்ணாடிக்கடைக்காரர்."