ஸ்தோத்திரப் பெட்டியும் அட்வான்ஸ் அக்காவும்

நடந்த காரியத்துக்கே நன்றி சொல்லாதவர்கள் உலகத்தில் ஏராளம். நடக்காத காரியத்துக்கு ஊரறிய நன்றி சொல்லிவிட்டு, "இனி உங்க பாடு" என்று கடவுளைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிட்டவர், மாரெட்பள்ளியில் மட்டுமல்ல, இந்த ஹைதராபாத் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவர் எங்கள் அட்வான்ஸ் அக்கா.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. சபைப் பதிவேட்டைப் புரட்டினால் கிடைக்கும். ஆனால் எனக்குத் தெரிந்து யாரும் புரட்டியதில்லை.

எங்கள் தமிழ்க் கோயிலின் வாசலில் இரண்டு மரப்பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று விண்ணப்பப் பெட்டி. பிள்ளைக்கு வேலை வேண்டும், மருமகளுக்கு நல்ல புத்தி வேண்டும் என்று எழுதிப் போட்டால், ஜெபக்குழுவார் வெள்ளிக்கிழமை ரகசியமாக ஜெபிப்பார்கள். மற்றது ஸ்தோத்திரப் பெட்டி. பெற்ற நன்மைகளை அதில் எழுதிப் போட்டால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் செக்ரட்டரி சார் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார். அட்வான்ஸ் அக்கா தம் வாழ்நாளில் விண்ணப்பப் பெட்டியைத் தொட்டதே இல்லை. எது வேண்டுமானாலும், அது கிடைத்துவிட்டது என்று எழுதி நேராக ஸ்தோத்திரப் பெட்டியில் போட்டுவிடுவார்.

செக்ரட்டரி சாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரயில்வேயில் ரிட்டையரானவர். எந்தச் சீட்டையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்கமாட்டார். கையில் வருவதை, ஸ்டேஷனில் ரயில் வருகையை அறிவிக்கிற குரலில், மூச்சு விடாமல் வாசிப்பார். அக்கா எழுதுவதும் இவர் வாசிப்பதும் சேர்ந்து எங்கள் சபைக்கு வாரம் தவறாமல் ஒரு வேடிக்கை கிடைத்தது.

அக்காவுக்கு இந்தப் பழக்கம் தொழிலிலிருந்து வந்தது. அரக்கோணத்திலிருந்து ரயில்வே காலனிக்கு வாழ வந்தவர். கணவர் சீக்கிரம் இறந்துபோக, அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு மெஸ் நடத்தத் தொடங்கினார். விடிகாலையில் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போய், நாளைய தக்காளிக்கு இன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவார். அதையே கோயிலிலும் செய்கிறார் என்று எங்கள் சபைப் போதகரான ஐயருக்குப் புரியவே வெகுநாள் ஆயிற்று. அவர் ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டார்.

"அம்மா, கேக்கிறதை விண்ணப்பமா எழுதக்கூடாதா?"

"இன்னா ஐயரே, இப்பிடி கேட்டுட்ட? போவன்பள்ளில போயி, 'அண்ணா, முடிஞ்சா ரெண்டு கூடை அனுப்பு'ன்னு கெஞ்சினா சொத்தையதான் தள்ளிவுடுவான். அட்வான்ஸ் குட்த்துட்டா வண்டி வந்துதானே ஆவணும்? கெஞ்சற வேலை நம்மளுக்கு நக்கோ, வேணாம்."

வேதம் படித்த ஐயர் கைகூப்பி அவரை அனுப்பிவைத்தார்.

அக்காவின் சாதனைகளில் முதலிடம் செக்ரட்டரி சார் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான். அவர் மகளைப் பெண் பார்க்க விஜயவாடாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. சும்மா பார்த்துவிட்டுப் போகிறோம், பிறகு யோசித்துச் சொல்கிறோம் என்ற நிலை. ஞாயிற்றுக்கிழமை மரியாதைக்காகக் கோயிலுக்கும் வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். செக்ரட்டரி சார் சீட்டை எடுத்தார்.

"நம் சபையின் செக்ரட்டரி அவர்களின் மகளுக்கு விஜயவாடா மாப்பிள்ளையோடு விவாகம் நிச்சயமானதற்காக ஸ்தோத்திரம்."

வாசித்து முடித்து அடுத்த சீட்டையும் பிரித்த பிறகுதான், இப்போது வாசித்தது தம் வீட்டுச் சமாசாரம் என்று அவருக்கு உறைத்தது. மனிதர் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா மகன் பக்கம் திரும்பி, "எனக்குத் தெரியாம நீயே சரின்னு சொல்லிட்டியாடா?" என்று கேட்டார். அதுவரை வாயே திறக்காத பையன் சபையைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான், "ஆமா" என்றான். அவர்களுக்கு இன்று இரண்டு பிள்ளைகள்.

எல்லா அட்வான்ஸும் இப்படிச் சீராக வந்து சேர்ந்தன என்று சொல்லமாட்டேன். ஒரு கோடையில், எங்கள் தெருவுக்கு வேளா வேளைக்குத் தண்ணீர் வந்ததற்காக ஸ்தோத்திரம் என்று எழுதிவிட்டார். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். "உங்க தெருவுக்கு மட்டும் எப்படி? யாரைப் பிடிச்சீங்க?" என்று ஒரே சண்டை. ஒரு சொட்டுகூட வரவில்லை என்று சத்தியம் செய்தும் எவரும் நம்பவில்லை. மறுவாரம் தண்ணீர் வந்தது. குழாய் உடைந்து, தெருவில் ஸ்கூட்டர்கள் மிதக்கிற அளவுக்கு வந்தது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுத்தெருவில் நின்று, "நான் எவ்ளோன்னு அளவு போடல, அதான் தப்பு" என்றார்.

இனி வருவது சிரிக்கிற சமாசாரம் இல்லை.

நானும் என் வீட்டுக்காரரும் நாற்பது வருஷம் அந்தக் கோயிலின் பாடகர் குழுவில் பாடியவர்கள். நான் பெண்களின் ஆல்ட்டோ குரல், அவர் ஆண்களின் கீழ்க்குரலான பேஸ். ஒரே பாட்டுப் புத்தகம்தான், இடது பக்கத்தை நான் பிடிப்பேன், வலது பக்கத்தை அவர் பிடிப்பார். அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. தேறி வருகிறார் என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை அக்கா வழக்கம்போல் சீட்டுப் போட்டார். சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

ஞாயிறு காலை ஆராதனையில் ஐயர் அவருடைய மரணத்தை அறிவித்தார். பத்து நிமிஷம் கழித்து, செக்ரட்டரி சார் பெட்டியிலிருந்த சீட்டுகளை வழக்கம்போல் பார்க்காமலே வாசித்தார். "ரூபி அம்மாவின் கணவர் பூரண சுகத்தோடு வீடு திரும்பியதற்காக ஸ்தோத்திரம்."

அந்த ரூபி நான்தான். நான் அன்று கோயிலில் இல்லை. ஆனால் கேட்ட நாலு பேர் நேராக என் வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார்கள். வீடு திரும்பித்தான் இருந்தார். ஹாலில், பெட்டிக்குள் இருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் எல்லாம் கடவுள்மேல்கூட இல்லை, அட்வான்ஸ் அக்காமேல்தான். அடக்கத்துக்கு வந்து என் கையைப் பிடித்தவரின் கையை உதறிவிட்டேன். அதற்குப் பிறகு பதினோரு மாசம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா விடவில்லை. தினமும் மெஸ்ஸிலிருந்து ஒரு டிபன் கேரியர் வரும். "அந்த அம்மா சாப்பாடு எனக்கு வேண்டாம், நீங்க சாப்பிடுங்க" என்று மருமகளிடம் தள்ளிவிட்டேன். மூன்றாம் நாள் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வந்தது. பகை வேறு, புளிக்குழம்பு வேறு அல்லவா? வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சாப்பிட்டேன். கேரியரைத் துலக்கித் திருப்பி அனுப்பினேன். பேச்சு மட்டும் கிடையாது.

பாட்டும் கிடையாது. பாட உட்கார்ந்தால் தொண்டையில் ஏதோ வந்து அடைத்துக்கொள்ளும். கோயிலில் எல்லாரும் பாடும்போது நான் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பேன். என் பேத்தி ஷெரின் மட்டும் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஆச்சி, யூ ஆர் லிப்சிங்கிங்!" என்று காதுக்குள் சொன்னாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் மூன்று பாஷைகளில் வரும்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லுகிற அறுப்பின் பண்டிகைக்கு ஒரு வாரம் இருந்தது. எங்கள் சபையில் அன்றைக்கு ஒரு பாட்டு உண்டு. அதன் முதல் சரணத்தை வருஷாவருஷம் நான் தனியாகப் பாடுவேன், இரண்டாம் சரணத்தில் அவர் சேர்ந்துகொள்வார். இந்தத் தடவை வேறு யாரையாவது பாடச் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஞாயிறு ஆராதனையில் செக்ரட்டரி சார் சீட்டைப் பிரித்தார்.

"நம் ரூபி அம்மா அறுப்பின் பண்டிகையில் முதல் சரணத்தை மிக இனிமையாகப் பாடியதற்காக ஸ்தோத்திரம்."

கோயிலே என் பக்கம் திரும்பியது. வெளியே வந்தால் ஒவ்வொருவராகக் கை கொடுக்கிறார்கள். ஒரு அம்மாள், "ரொம்ப நல்லா பாடுனீங்க" என்றே சொல்லிவிட்டாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை, ஐயா!

மறுநாள் காலை மெட்ரோவைப் பிடித்து அமீர்பேட்டுக்குப் போய், மெஸ்ஸின் சமையல்கட்டுக்குள் நுழைந்தேன். அக்கா சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா ரூபி, சாப்டியா?"

"சாப்பாடு கெடக்கட்டும். யாரைக் கேட்டு எம்பேரை எழுதுனீங்க? நான் பாடுதேன்னு உங்கட்ட சொன்னேனா?"

"சொல்லல."

"எனக்குச் சத்தமே வர மாட்டேங்கு. அவுக போனதுல இருந்து வீட்டுலகூட நான் பாடல. அவுகளுக்கு நீங்க எழுதுனது பத்தாதா, இப்பம் எனக்கும் எழுதணுமா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். நான் பார்க்க அவர் அடுப்பை அணைத்தது அதுதான் முதல் தடவை.

"அது வரல, ரூபி. எவ்ளோ பெருசா குட்த்தேன், வரல. உன் மூஞ்சில முழிக்க முடியாம பூட்ச்சி. அன்னிலேர்ந்து ஒரு சீட்டும் போடல நானு. வேணும்னா செக்ரட்டரிய கேளு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு மாசமாக ஆராதனையில் ஒரு வேடிக்கையும் நடக்கவில்லை. என் துக்கத்தில் நான் அதைக் கவனிக்கவேயில்லை. அவரும் என்னோடு சேர்ந்து துக்கம் காத்திருக்கிறார்.

"அப்பம் இதை மட்டும் எதுக்குப் போட்டீங்க?"

"கேரியர் டெய்லி காலியா வந்திச்சி. சரி, இவ சாப்புடறா, உசுரோட இருக்கான்னு தெரிஞ்சிது. கத்தரிக்கா கொழம்பு எறங்கற தொண்டைல பாட்டு மட்டும் ஏறாதா?"

அழுதேனா, சிரித்தேனா என்று கேட்காதீர்கள். இரண்டும்தான். அக்கா ஒரு தட்டை எடுத்து வைத்தார். உட்கார்ந்து வயிறார, எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டேன்.

பண்டிகை அன்று கோயில் முழுக்க வாழைக்குலையும் கரும்பும் பூசணிக்காயும். ஆர்கன் தொடங்கியது. நான் புத்தகத்தின் இடது பக்கத்தைப் பிடித்தேன், வலது பக்கம் மடங்கி விழுந்தது. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துப் பழகிய கை. முதல் வார்த்தையைத் தொடங்கினேன், குரல் கரகரத்து நின்றுவிட்டது. ஆர்கன் வாசிப்பவர் பாவம், தொடக்க இசையை இன்னொரு முறை வாசித்தார்.

அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து, "ஹவ் ரூபி! ஹவ்!" என்று ஒரு சத்தம். 'ஆமாம், அப்படித்தான்' என்று ஹைதராபாத் பேச்சில் மார்க்கெட் லாரிக்கு வழி காட்டுகிற அக்காவின் அதே குரல். கூட்டம் குபீரென்று சிரித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு தொடங்கினேன். அடைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை, குரல் புறப்பட்டு மேற்கூரை வரைக்கும் போயிற்று. முதல் சரணத்தை முழுதாகப் பாடினேன். ஒரு ஸ்வரம் பிசகவில்லை, இதில் எனக்கு அடக்கம் ஒன்றும் கிடையாது.

இரண்டாம் சரணம் வந்தபோது ஷெரின் எழுந்து வந்து புத்தகத்தின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அதில் ஓர் எழுத்தும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் போனில் எழுதி வைத்திருந்தாள். அவருடைய பேஸுக்குப் பதிலாக ஒரு சின்னப் பெண் குரல், உச்சரிப்பில் ஆயிரம் தப்போடு, என் பக்கத்தில் சேர்ந்து பாடியது. அடுத்த ஆராதனைக்காக வெளியே காத்திருந்த தெலுங்குச் சபையார் ஜன்னலோரம் வந்து நின்றார்கள். கோயிலில் கை தட்டுவது எங்கள் வழக்கமே இல்லை. அன்றைக்குத் தட்டினார்கள். முதலில் தட்டியவர் செக்ரட்டரி சார்.

இந்த வருஷம் ஜூலை மாசம் அட்வான்ஸ் அக்கா மெஸ்ஸில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். இனி நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் தினமும் கேரியர் எடுத்துக்கொண்டு போகிறேன், குழம்பில் புளி போதவில்லை என்று தினமும் திட்டு வாங்குகிறேன். "நீங்களே ஒரு சீட்டு எழுதிப் போடுங்களேன்" என்றேன். "தனக்குத்தானே யாராச்சும் அட்வான்ஸ் குட்த்துக்குவாங்களா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி சார் ஒரு சீட்டைப் பிரித்தார். "நம் அட்வான்ஸ் அக்கா கிறிஸ்துமஸ் ஆராதனைக்குத் தன் காலால் நடந்து வந்து ரூபி பக்கத்தில் உட்கார்ந்ததற்காக ஸ்தோத்திரம்." வாசித்து முடித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நீங்களுமா, அம்மா?" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது. எனக்கு அவசரமில்லை. மூன்றாம் வரிசையில் என் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்து, வாராவாரம் அக்காவுக்கு இடம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.