ராமேஸ்வரம் கிளம்பிய வெயில் மாமா

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் கூடிவிட்டது. முன்பின் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன்: இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாப் பக்கம், மழை விடாத எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வெயிலுக்குக் குடை பிடித்து நடந்த ஒரே மனிதர் வெயில் மாமாதான். அது ஊர் வைத்த பெயர்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடு, அவருடையது. கொழுந்தைக் காயவைக்கும் தேயிலை ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடுவார். பிள்ளை இல்லை, அவரும் அத்தையும்தான். அத்தைக்கு ஒரே ஆசை, ராமேஸ்வரம் கோபுரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒருநாள் மாமா லயத்துக்கே கேட்கும்படி அறிவித்தார்.

"வர்ற மாசியில கப்பல் ஏறுறோம்! ராமேஸ்வரம் தீவு, மதுர கோயிலு, தஞ்சாவூரு பெரிய கோயிலு, எல்லாம் பாத்துட்டுப் பத்து நாள்ல வந்துருவோம்!"

அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். அவ்வளவுதான், ஸ்டோர் அடுப்புக்கு முன்னால் அத்தையை நிறுத்தி வெயிலுக்குப் பழக்கத் தொடங்கினார். கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டார்.

"என்னய்யா, பொண்டாட்டிய வாட்டுறியா?"

"இல்லீங்கய்யா, மதுரைக்குப் பழக்குறேன்."

புதுக் குடை ஒன்றும் வாங்கினார். மழை விட்டால் விரிப்பார். மழை வந்தால் மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு நனைவார். "இது வெயில் கொட, நனைஞ்சா கெட்டுப்போயிரும்" என்பார்.

எங்கள் லயத்தில் யாரும் இந்தியாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. போனவர்கள் ஒரேயடியாகப் போனார்கள். போகும்போது சட்டிபானையை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். மாமா கிளம்பிய அன்றும் அந்த வழக்கப்படியே எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஆளுக்கொன்றை எடுத்தார்கள். எங்கள் அம்மா அம்மிக்கல்லை எடுத்தார். எதிர்வீட்டு மாரியக்கா சேவலைப் பிடித்தாள்.

"அடியேய், நான் பத்து நாள்ல வந்துருவேன்டி!"

"எல்லாரும் இப்படித்தான் மாமா சொல்லிட்டுப் போனாங்க."

பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு சாயங்காலம் இருவரும் மலைப்பாதையில் ஏறி வந்தார்கள். இந்த நாட்டு ஆள் என்று காட்டக் கடுதாசி இல்லாமல் கப்பல் ஏறினால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று தலைமன்னார்த் துறையில் அதிகாரி சொல்லிவிட்டாராம். அப்போது எங்களில் யாரிடம் அந்தக் கடுதாசி இருந்தது? மாமா கப்பலைப் பார்த்தாராம், அத்தையைப் பார்த்தாராம். "நம்ம காம்பராவுக்கே போயிருவோங்க" என்றாளாம் அத்தை.

லயமே குதித்தது. எடுத்ததெல்லாம் ஓட்டமாகத் திரும்பி வந்தது. அம்மா அம்மிக்கல்லை உருட்டிக்கொண்டே வந்தார். மாரியக்கா மட்டும் ஒரு மூடிய சட்டியோடு நின்றாள்.

"சேவல் எங்கடி?"

"கொழம்புல இருக்கு மாமா."

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் உட்கார்ந்து அந்தக் குழம்பைச் சாப்பிட்டோம்.

"ஆனா கோபுரத்தப் பாத்துட்டோம்ல!" என்றார் மாமா, வாயில் சோற்றோடு. "தலைமன்னார்ல கப்பல் வந்து கட்டுற பாலத்துல நின்னா அந்தக் கரையில வெயில்ல தகதகன்னு நிக்குது!"

"தூக்கிக் காட்டினாரு" என்றாள் அத்தை, தலையைக் குனிந்துகொண்டு.

நான் அந்தக் கடலைப் பார்த்ததில்லை. தலைமன்னாரில் நின்றால் ராமேஸ்வரம் கோபுரம் தெரியுமா என்று, போய் வந்தவர்கள் யாராவது சரிபார்த்து எழுதுங்கள். தெரியாது என்றால் எழுத வேண்டாம்.