முளைக்குச்சிக்குள் ஒரு முனி

காலையில் மாட்டை அவிழ்க்கப் போன சேவுகன், வாசலில் எதிலோ கால் இடறிக் குப்புற விழப் பார்த்தான். குனிந்து பார்த்தால் முளைக்குச்சி. அதில் கட்டிய கயிறு மாட்டுக் கொட்டகையைச் சுற்றி, முருங்கை மரத்தைச் சுற்றி, அடுப்படிக்குப் பின்புறமாகப் போய், மறுபடி வாசலுக்கே வந்து சேர்ந்திருந்தது. நடுவில் அவன் வீடு, கட்டிப் போட்ட ஆடு மாதிரி நின்றது.

"செவந்தி, இங்கிட்டு வா. நம்ம வீட்டை யாரோ அளந்துருக்காக."

அவன் பெண்டாட்டி செவந்தி சாணிக் கையோடு வந்து பார்த்தாள்.

"நேத்து நீங்க வண்டியோட போன பெறகு நெலக்காரரும் வக்கீலய்யாவும் வந்தாக."

"என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல. கயித்தோட ஒரு முனையைப் பிடின்னாக. பிடிச்சேன்."

சேவுகன் தலையில் கையை வைத்துக்கொண்டு மாட்டுத் தொட்டி மேல் உட்கார்ந்தான். அந்த வக்கீலை வெள்ளைப்பாறைப்பட்டிக்குக் கொண்டு வந்ததே அவன்தான். அதுதான் அவன் வயிற்றெரிச்சல்.

முப்பத்தைந்தாம் வருஷமோ முப்பத்தாறோ, ஒரு தை மாதம். திருமயம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிய சென்னைப் பட்டணத்து வக்கீல் ஒருவர், பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகச் சேவுகனின் கூண்டு வண்டியில் ஏறினார். அவருக்கு இழுப்பு நோய். வழியெல்லாம் அவர் நெஞ்சு கிழிந்த துருத்தி மாதிரி ஊதிக்கொண்டே வந்தது. வெள்ளைப்பாறைப்பட்டி ஊருணிக் கரைக்கு வந்ததும், "நிறுத்துப்பா" என்று இறங்கினார். மழை ஓய்ந்த மாதம். ஊருணி தளும்பி நின்றது. பாறை மலையிலிருந்து வறண்ட காற்று இறங்கிக்கொண்டிருந்தது. வக்கீல் ஒரு முழு மூச்சு விட்டார். விட்டுவிட்டு, தான்தான் விட்டோமா என்று சுற்றிலும் பார்த்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்துச் சேவுகனுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க ஊருக் காத்து அப்பிடிங்க" என்றான். அந்த வார்த்தைக்காக அவன் பிற்பாடு தன் நாக்கை எத்தனை தரம் கடித்துக்கொண்டான் என்பது அவனுக்கும் அவன் மாடுகளுக்கும்தான் தெரியும்.

மறு வருஷம் வக்கீல் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். அதற்கு அடுத்த வருஷம் அவருடைய சிநேகிதர்கள் வந்தார்கள். ஓடு வேய்ந்து, வெள்ளையடித்து, வாசலில் சாய்வு நாற்காலி போட்ட சின்னச் சின்னக் குடில்கள் முளைத்தன. தை, மாசி இரண்டு மாதம் அவற்றில் விளக்கெரியும். மீதி நாளெல்லாம் பூட்டுத்தான். பூட்டிய வீட்டுக்குக் கொடுக்கிற வாடகையில் ஊரில் நாலு குடும்பம் வாழலாம் என்றார்கள். நாலு குடும்பம் ஊரை விட்டுப் போனதுதான் நடந்தது.

அதற்கு முன்னால் அங்கே யாரும் மோர் விற்றதில்லை. கேட்டால் ஊற்றுவார்கள், அவ்வளவுதான். முருங்கைக்காய் யார் வீட்டு மரத்தில் காய்த்தாலும் ஊர்க் குழம்பில் கிடக்கும். சேவுகனின் பாட்டன் காலத்திலிருந்து அந்த வீட்டு மனைக்குப் பேச்சும் கிடையாது, பத்திரமும் கிடையாது. நிலக்காரருக்குப் பொங்கலுக்கு ஒரு பூசணிக்காய், அவர் வீட்டு விசேஷங்களுக்குச் சும்மா வண்டி, அதுதான் ஏற்பாடு. எவ்வளவு நல்ல காலம் அது! அந்தக் காலம் போய்க்கொண்டிருக்கிறது என்பது, கயிறு கட்டிய பிறகுதான் சேவுகனுக்கு உறைத்தது.

நிலக்காரர் ஆத்மநாதன் திருக்கோகர்ணத்தில் இருந்தார். சேவுகன் வண்டியை விரட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றான்.

"ஐயா, பாட்டன் காலத்துலேருந்து இருக்கோமுங்க."

"இருந்தீங்க. நான் இல்லேங்கலையே."

"நாங்க எங்கிட்டுங்க போவோம்?"

"போவானேன்? அங்கே குடில் கட்டிக்க வக்கீல் குடுக்கிற வாடகையை நீ குடு, நீயே இரு" என்று சொல்லி ஆத்மநாதன் தொகையையும் சொன்னார். அவ்வளவு பெரிய எண்ணைச் சேவுகன் மாட்டுச் சந்தையில்கூடக் கேட்டதில்லை. "பங்குனி வரைக்கும் பொறுக்கிறேன்" என்று முடித்தார்.

நிலக்காரரை அசைக்க முடியாது. வக்கீல் தானாக மனம் மாறிப் போனால்தான் உண்டு. போக வைக்க வேண்டியதுதான் என்று சேவுகன் தீர்மானித்தான்.

முதலில் தண்ணீரில் கை வைத்தான். வக்கீல் வீட்டுக்கு ஊருணித் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது அவன் வேலை. அதை விட்டுவிட்டுக் கரட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினான். அது உப்புக் கரிக்கும். மாடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டொரு நாளில் வக்கீல் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"சேவுகா, இது எந்தத் தண்ணீர்?"

"கரட்டுக் கெணறுங்க. இனிமே இங்கிட்டு இந்தத் தண்ணிதாங்க, வேற கெடையாது" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

"அடப்பாவி, இத்தனை வருஷமா ஏன் சொல்லலை? எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து வயிறு சுத்தமா இல்லை. இந்த ரெண்டு நாளா உடம்பு இறகு மாதிரி இருக்கு. இதுக்காகச் சீமையிலே கப்பல் ஏறிப் போறாங்கப்பா."

அவர் அன்றைக்கே தம்முடைய சிநேகிதரான ரிடையர்டு ஜட்ஜ் ஒருவருக்குக் கடிதம் போட்டார். ஜட்ஜுக்கும் அதே வயிறு. சேவுகன் அதற்குப் பிறகு பீப்பாய் வைத்துத் தண்ணீர் ஏற்ற வேண்டியதாயிற்று.

ஜட்ஜ் வரட்டும், அவரை வைத்தே காரியத்தை முடிக்கலாம் என்று சேவுகன் அடுத்த திட்டம் போட்டான். ஸ்டேஷனுக்குப் போகும்போது வண்டியில் விரித்திருந்த வைக்கோலை எல்லாம் உருவி எறிந்தான். வரும்போது ரோட்டை விட்டுவிட்டுக் கல் உடைக்கிற பாதையில் வண்டியை இறக்கினான். அந்தப் பாதையில் போனால் சட்டியில் வறுக்கிற கடலைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் இருக்காது. ஜட்ஜ் உள்ளே இங்கிட்டு மோதினார், அங்கிட்டு மோதினார். கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லை. ஆள் போய்விட்டாரோ என்று சேவுகன் பயந்து திரும்பினால், ஜட்ஜ் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"வேலையில இருந்தவரைக்கும் அவருக்குக் கோர்ட்டிலே நல்ல தூக்கம்" என்று வக்கீல் ரகசியமாகச் சொன்னார். "ரிடையர் ஆனதிலிருந்து பாவம், கண்ணை மூடினதில்லை. நீ கைராசிக்காரன் சேவுகா."

அதிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு ஜட்ஜை வண்டியில் போட்டுக் கல் பாதையில் உருட்டிக் கொண்டுவருவதும் சேவுகன் வேலையாயிற்று. வக்கீலுக்குப் பக்கத்திலேயே தமக்கும் ஒரு மனை வேண்டும் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். ஊருணிக் கரையெங்கும் முளைக்குச்சி பெருகியது.

"இனிமே நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதும்" என்றாள் செவந்தி.

சேவுகன் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் இருந்த முனியிடம் போய் உட்கார்ந்தான். இலுப்பை மரத்தடியில், ஓட்டுக் கூரைக்குக் கீழே, நெட்டுக்குத்தாய் நிற்கிற ஒரு கல்தான் முனி. பாட்டன் இந்த ஊருக்குக் குடிவந்த புதிதில் கனவில் வந்து இடம் கேட்ட சாமி என்று அவன் ஐயா சொல்லுவார். சேவுகனுக்கு மொட்டை போட்டதும் காது குத்தியதும் அங்கேதான். செவந்தியைக் கட்டிக்கொண்டு வந்து முதலில் நிறுத்தியதும் அங்கேதான். சாமி நிற்கிற மண் எங்கள் மண் என்பது அவன் கட்சி. ஆனால் முனி கயிற்றுக்கு வெளியே போய்விட்டார். வக்கீல் அவரைக் கும்பிட்டுவிட்டு, காவலுக்குத் தனியாக ஆள் வைக்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டிருந்தார்.

கயிற்றுக்கு உள்ளே ஒரு சாமி இருந்தால்? சாமி நிற்கிற இடத்தில் அந்தச் சீமையில் எவனும் வீடு கட்டக் கடகால் வெட்ட மாட்டான்.

சேவுகன் எழுந்து மலையடிக்குப் போனான். அங்கே பெரியகருப்பன் ஆட்டுக் கிடை போட்டிருந்தான். சேவுகனோடு கோலி விளையாடி வளர்ந்தவன். ஊரை விட்டு அத்தனை தள்ளி, முள்ளும் பாறையுமான இடத்தில் அவன் குடும்பம் ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. விஷயத்தைச் சொன்னதும் பெரியகருப்பன் இருமல் வருகிற மட்டும் சிரித்தான்.

"வெரட்டுறதுக்குச் சாமியா? சரி, கல்லு தாரேன். நல்லா ஆழமாப் பொதைக்கணும் சேவுகா. இல்லாட்டி கெடா முட்டுனா சாஞ்சுரும்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்க ஐயா சொல்லக் கேட்டிருக்கேன்" என்று சொல்லி, ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தவன் போல ஒரு கல்லைப் புரட்டிக் கொடுத்தான்.

மறுநாள் விடியும்போது சேவுகன் வாசலில், முளைக்குச்சிகளுக்கு நட்ட நடுவில், மஞ்சளும் குங்குமமும் பூசிய கல் ஒன்று நின்றது. சேவுகன் சொல்லிக் கொடுத்தபடியே செவந்தி போட்ட சத்தத்தில் ஊர் கூடியது. வக்கீல், அவர் மனைவி, ஜட்ஜ், தற்செயலாக வந்திருந்த ஆத்மநாதன், எல்லாரும் வந்தார்கள். சேவுகன் தலைமுடியை அவிழ்த்து விட்டுக்கொண்டு ஆடினான். ஆட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"இது என் எடம்" என்று உறுமினான். "இந்தக் கயித்துக்குள்ள மனுசர் எவரும் குடியிருக்கக் கூடாது. அடுப்புப் பத்தவைக்கக் கூடாது. மீறுனா விட மாட்டேன்."

வக்கீலின் மனைவி கையெடுத்துக் கும்பிட்டு விழுந்தாள். ஜட்ஜ் செருப்பைக் கழற்றினார். ஆத்மநாதன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். செவந்தி மட்டும் திரும்பித் தன் அடுப்படியைப் பார்த்தாள்.

ஆட்டம் ஓய்ந்து, சேவுகன் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தான்.

"சாமி வாக்கை மீறக் கூடாது" என்றார் வக்கீல். "எங்க குடில்களை எதிர்த்தாற்போலத் தள்ளிக் கட்டிக்கிறோம். காலையிலே கதவைத் திறந்தா சாமி முகத்திலே முழிக்கலாம்."

"அந்தப் பக்கத்து மனைக்கு வாடகை கொஞ்சம் கூடும்" என்றார் ஆத்மநாதன்.

"கூடட்டுமே. இந்த இடத்திலே நாங்க எல்லாரும் சேர்ந்து சாமிக்கு ஒரு கோயில் கட்டறோம்" என்றாள் வக்கீலின் மனைவி.

சேவுகனுக்கு உச்சி குளிர்ந்தது. வீடு தப்பியது என்று செவந்தியைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் பதிலுக்குக் கண்ணடிக்கவில்லை.

"அப்ப நீ எப்ப சேவுகா காலி பண்றே?" என்றார் ஆத்மநாதன்.

"நானா? நான் ஏங்க?"

"மனுசர் எவரும் குடியிருக்கக் கூடாதுன்னு உன் வாயாலதானே சாமி சொல்லுச்சு. பங்குனி வரைக்கும் பொறுக்கலாம்னு நான் இருந்தேன். சாமி பொறுக்காது போலிருக்கே."

"சாமி என்னையச் சொல்லியிருக்காதுங்க. வெளியூருக்காரகளச் சொல்லியிருக்கும்."

"நாங்க இத்தனை பேர் சாட்சி" என்றார் வக்கீல் வருத்தத்தோடு. "சாமி விதிவிலக்கு ஒண்ணும் குடுக்கலையே, சேவுகா."

"இன்னொருக்க ஆடி மாத்திச் சொல்லுங்க" என்று செவந்தி காதில் சொன்னாள். சேவுகன் மறுபடி முடியை அவிழ்த்தான். உறுமி முடிப்பதற்குள் ஜட்ஜ் கையை உயர்த்தினார்.

"ஒரு வழக்குக்கு ஒரே சாமி ரெண்டு தீர்ப்புச் சொல்லாது. இது வேற ஏதோ காத்து. விபூதி போடுங்க."

போட்டார்கள். கண்ணிலும் போட்டார்கள். அது நான் நட்ட கல் என்று உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அந்தக் கண்ணெரிச்சலில் சேவுகன் யோசித்தான். சொன்னால் ஊர் கட்டி வைத்து உதைக்கும். அது மட்டுமல்ல, பொழுது ஏற ஏற, தேங்காயும் பூவும் சேரச் சேர, அந்தக் கல்லை முறைத்துப் பார்க்க அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அந்த வாரமே சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றிப் பார்த்தால் அரை வண்டிகூட இல்லை. அம்மி, ஆட்டுக்கல், இரண்டு பானை, ஒரு பாய். இத்தனை காலமும் வீடு நிறைய இருந்ததாகத் தோன்றியது என்ன என்று சேவுகனுக்கு விளங்கவில்லை. முருங்கை மரத்தை ஏற்ற முடியாது. ஐயா சாய்ந்து சாய்ந்து வழவழப்பாகிப் போன கொட்டகைக் காலை ஏற்ற முடியாது. விடியற்காலையில் ஊருணிப் பக்கமிருந்து வருகிற அந்தக் குளிர்ச்சியையும் ஏற்ற முடியாது. செவந்தி கடைசியாக ஒரு தரம் அடுப்பை மெழுகினாள். சேவுகனுக்கு அழுகை வந்தது. மாட்டை அதட்டுகிற சாக்கில் அழுதுகொண்டான்.

எல்லாம் முடிந்து பின்பக்கம் முனியிடம் விடைபெறப் போனான். அங்கே இலுப்பை மரத்து வேரில் பெரியகருப்பன் உட்கார்ந்திருந்தான்.

"போறேன் பெரியகருப்பா. ஒண்ணே ஒண்ணு. எங்க முனிக்கு வெள்ளிக்கெழமை ஒரு வெளக்குப் போட்டுரு. எங்க பாட்டன் கனவுல வந்து எடங் கேட்ட சாமி. நாங்க இந்த மண்ணுக்காரகன்னு சொல்றதுக்கு இனி அது ஒண்ணுதான் சாட்சி."

பெரியகருப்பன் எழுந்து வாசல் பக்கம் வந்து, வண்டியின் நுகத்தடியைப் பிடித்து மலையடிப் பக்கமாகத் திருப்பினான்.

"அங்கிட்டு வந்துரு. எங்க கெடைக்குப் பக்கத்துல எடங் கெடக்கு" என்றான். "வெளக்குப் போடுறேன். ஆனா அது கனவுல வந்த கல்லு இல்ல சேவுகா. இதே எடத்துல கெடை போட்டிருந்த எங்க பாட்டன், ஒங்க பாட்டன் வண்டியோட வந்து எறங்குன அன்னைக்கு, அவரை வெரட்டுறதுக்கு நட்ட கல்லு."