முன் டயரைத் தின்றது யார்?

இந்தக் கோடை முடிவதற்குள் அந்த முன் டயர்களை வழிக்குக் கொண்டுவந்தே தீருவது என்று குராஷிகே சபதம் போட்டார். அவருடையது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்னச் சிவப்புக் கார். மலைமேல் இருந்த ரேஸ் ட்ராக்கில் யார் வேண்டுமானாலும் தங்கள் சொந்தக் காரை ஓட்டலாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கே போவார். மனைவி தோமோயேவிடம் மட்டும் ஓடையில் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவைத்திருந்தார். தெரிந்தால் பயந்துபோய்க் காரை விற்கச் சொல்லிவிடுவாளே! திரும்பும் வழியில் கடையில் மீன் வாங்கிக்கொள்வார். ஒருமுறை அவசரத்தில் கடல் மீனை வாங்கிவந்துவிட்டார். தோமோயே ஒன்றும் கேட்காமல் பொரித்துப் போட்டாள்.

கோளாறு டயரில்தான். முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் தேங்காய்த் துருவி மாதிரி சொரசொரவென்று தேய்ந்துகொண்டே வந்தது. அவர் ஸ்பிரிங்கை மாற்றினார். சக்கரத்தின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் உள்ளே சாய்த்துப் பொருத்தினார். காற்றைக் கூட்டினார், குறைத்தார். டயரைத் தடவிப் பார்த்தே ஓட்டுகிறவனின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிற மனிதர் அவர். கடைசி நொடியில் பிரேக் அடித்து, ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கிற முரடனின் டயர் இது என்று அடித்துச் சொன்னார். அவரோ வளைவைக் கண்டாலே பூப்போலத் திருப்புகிறவர். ஒர்க்‌ஷாப்காரர் இக்கேவுச்சியிடம் போய்க் கத்தியதற்கு, அந்த ஆள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பார்லி டீ குடித்தார்.

கடைசியில் மனசு விட்டுப்போயிற்று. ராத்திரிச் சாப்பாட்டில் மீசோ சூப்பைக் கிளறிக்கொண்டே, காரை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். தோமோயே கரண்டியைக் கீழே வைத்தாள்.

"விக்காதீங்க. காரு மேல தப்பில்லை. நான்தான் ஓட்டறேன்."

"எங்க? மார்க்கெட்டுக்கா?"

"நீங்க மீன் பிடிக்கிற எடத்துலதான்."

குராஷிகேவுக்கு வியர்த்துவிட்டது. அவர் ரயிலேறி ஆபீஸ் போனதும், பெண்களுக்கென்று ட்ராக்கைத் திறந்துவிடுகிற புதன்கிழமைகளில் அவள் போய்க்கொண்டிருக்கிறாளாம். கிளம்புமுன் டயரைச் சரிபார்த்து அனுப்புவதே இக்கேவுச்சிதானாம்.

"உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்றார். கோபமாகச் சொல்லத்தான் பார்த்தார், வரவில்லை.

"அங்க போயிட்டு வந்தா மட்டும் பாட்டு முணுமுணுக்கறீங்க. நம்ம கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படிப் பாடலை. அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கணும்னு தோணிச்சு. பக்கத்து சீட்ல ஆள் ஏத்தக் கூடாதுன்னுட்டாங்க. சரி, நானே ஓட்டிப் பாத்துடலாம்னு..."

இவளிடம் போயா மறைத்தோம் என்று அவருக்குத் துக்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அவள் தட்டில் தன் பங்கு மீனை எடுத்து வைத்தார். இனிமேல் சேர்ந்தே போகலாம் என்றார். காரை இரண்டு பேருக்கும் பொதுவாகச் சரிசெய்து வைப்பதாகச் சொன்னார். உற்சாகம் தாங்காமல் பாடமும் ஆரம்பித்துவிட்டார். "பிரேக்கை முன்னாடியே புடிக்கணும். வளைவுல மெதுவாத் திருப்பணும். அப்பத்தான் டயர் தேயாது."

"இக்கேவுச்சியும் அதையேதான் சொன்னார். ஆனா அப்படி ஓட்டினா இந்த நேரம் வராதாம்."

"எந்த நேரம்?"

ஒரு சுற்றை எத்தனை நொடியில் முடிக்கிறாள் என்று சொன்னாள். குராஷிகே சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். அவருடைய மிகச் சிறந்த சுற்று அதற்குப் பக்கத்தில்கூட வராது. அப்புறம் மெல்லிய குரலில், ட்ராக்கின் கடைசி வளைவை மட்டும் எப்படித் திருப்புவது என்று தனக்கும் சொல்லித் தருவாளா என்று கேட்டார்.

தோமோயே அவர் கையை ஆசையாகத் தட்டிக்கொடுத்தாள். "தர்றேன். மொதல்ல கொஞ்ச நாள் வேலியோரமா நின்னு, நான் ஓட்டறதைப் பாருங்க."